வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி

வானொலி நிலையத்தின் ஒலிநாடா அறையில் நானும் சுருளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுடைய தலைமுடி சுருட்டை என்பதால் அந்தப் பெயர். எழுதும்போது தேவையில்லாத இடத்தில் எல்லாம் கமா போடுவேன் என்பதால் எனக்குக் கமா என்று பெயர் வைத்தாள். இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது. காலையில் நாடாக்களை எடுத்துக் கொடுப்பது, மாலையில் திரும்பி வந்ததை எண் பார்த்து அடுக்குவது, இவ்வளவுதான் வேலை. ஜன்னல் இல்லாத அறை. குளிர்சாதனம் நாடாக்களுக்காகப் போட்டது. நாங்கள் ஆளுக்கொரு சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பழைய நாடாப் பெட்டியைத் திறந்தால் புளித்த காடி போல ஒரு வாசம் வரும். அது எனக்குப் பிடிக்கும், அவளுக்குத் தும்மல் வரும்.

மூன்றாம் வருடம் அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சிக்கு ஒருவரைத்தான் அனுப்புவோம் என்றார்கள். நான் போனேன். திரும்பி வந்து அவளுக்குச் சொல்லித் தருவதாகப் பேச்சு. ஆனால் பயிற்சி முடிந்த ஆறாம் மாதம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, ஒரு வெள்ளிக்கிழமை அவள் விடுப்பில் இருந்தபோது மேசையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வாரம் போன் செய்யலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் வருவதற்கு இருபத்து மூன்று வருடம் ஆனது.

இந்த வருடம் அதே நிலையத்திலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. பழைய நாடாக்களின் பட்டியல் எக்செல் கோப்பாக இருந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள். அதை அப்படியே தூக்கி ஒரு புது டேட்டாபேஸில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய பிறகு தேடினால் பாதி கிடைக்கவில்லை. சரிசெய்ய ஆள் தேடியபோது என் பெயர் வந்திருக்கிறது. நான் அங்கே வேலை பார்த்தவள் என்பதே மேலாளருக்குத் தெரியாது. சின்ன வயசுப் பெண்; நான் அங்கிருந்து கிளம்பியபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்.

முதல் நாள் போனபோது வரவேற்பறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். அவருடைய மனைவி நர்ஸாக இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். கொதிநீர் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மாள் ஒரு தடவை ரேடியோவில் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். அந்தக் குரல் வேண்டும் என்று கேட்டு இது அவருக்கு மூன்றாவது வருகை. மூன்று தடவையும் தேடல் பெட்டியில் கொதிநீர் என்று தட்டிப் பார்த்து, இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எக்செல் கோப்பைத் திறந்து கண்ணால் தேடினேன். மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்காவது வரி: ‘கொதிநீர்க் காயம் - உரை - செவிலியர்.’ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது.

எழுத்தைப் பிரித்துப் பார்த்தேன். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தாள், தட்டியவள். திரையில் ஒரே ‘கொ’தான். கம்ப்யூட்டருக்கு அது வேறு. அன்று முழுக்க இப்படியே தோண்டத் தோண்ட வந்தது. ‘எ’ வரவேண்டிய இடத்தில் ஏழு என்னும் தமிழ் எண். கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டு, பாடல்கள் எல்லாம் பரடல்கள் ஆகியிருந்தன. வார்த்தைக்கு முன்னால் இடைவெளி, நடுவில் வேறு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வகை இடைவெளி, ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒற்றை விரலால் தட்டியவளின் கை அது. யாருடைய கை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பக்கத்து நாற்காலியில் சால்வையோடு சுருள் உட்கார்ந்து விசையைத் தேடுவது போலவே இருந்தது.

இரண்டு நாளில் மாற்றும் விதிகளை எழுதி முடித்தேன். கடைசி விதி சுலபமானது: ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தொங்கும் வெற்று இடைவெளிகளை வெட்டிவிடுவது. வெட்டும் முன் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது என் வழக்கம். எண்ணினால், நாலாயிரத்து முப்பது வரிகளின் முடிவில் இடைவெளி இருந்தது. எல்லாவற்றிலும் சரியாக இரண்டு. எங்குமே ஒன்று இல்லை, மூன்று இல்லை. கை தவறினால் இப்படிக் கணக்காகத் தவறாது.

விதியை நிறுத்திவைத்தேன். மேலாளரிடம் கேட்டு பழைய ஊழியர்களின் எண்களை வாங்கினேன். போனை எடுத்து வைத்து எடுத்து வைத்து, தேநீர் ஆறிப்போன பிறகுதான் சுருளை அழைத்தேன். யார் என்று சொன்னேன். மறுமுனையில் டிவி சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“கமாவா?” என்றாள். “இப்ப என்ன வேலை பாக்கிற?”

வேண்டாத கமாக்களையும் இடைவெளிகளையும் எடுக்கிற வேலை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்டேன். போனில் சொல்ல மாட்டேன், நேரில் வா என்றாள். மறுநாள் அவளுடைய மகள் வீட்டுக்குப் போனேன். சுருட்டை எல்லாம் வெளுத்துப்போய், மூக்கின் மேல் கண்ணாடி. வாசலிலேயே நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தவள், உள்ளே வா என்று சொல்லவும் மறந்து, பதிலைத்தான் முதலில் சொன்னாள்.

“கடைசியில ரெண்டு இடம் விட்டிருந்தா, அந்த நாடாவ நான் முதல்லேர்ந்து முடிவு வரைக்கும் உக்காந்து கேட்டிருக்கேன்னு அர்த்தம்.”

அட்டையில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். அதனால் பட்டியல் போடும்போதே ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கேட்டதைக் குறிக்க ஒரு கட்டம் கேட்டபோது, தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் கை வைக்கக் கூடாது என்று அப்போதைய மேலாளர் சொல்லிவிட்டார். “வெறும் இடத்துக்கு எவன் வந்து கேள்வி கேக்கப்போறான்னு நானே ரெண்டு தட்டு தட்டிட்டேன்” என்றாள். அவள் வேலையை விடும்வரை பத்தொன்பது வருடத்தில் நாலாயிரத்து முப்பது நாடாக்கள். நான் அதை ஒரு நொடியில் துடைத்திருப்பேன்.

அன்று சாயங்காலமே ‘கேட்டது’ என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்து, இரண்டு இடைவெளி இருந்த வரிகளுக்கு எல்லாம் அதில் ‘ஆம்’ என்று போட்டுவிட்டு, பிறகுதான் வெட்டினேன். கொதிநீர் என்று தட்டினேன். வந்தது. ஆனால் அந்த வரியில் ‘ஆம்’ இல்லை. அந்த நாடாவை அவள் கேட்டிருக்கவில்லை.

ஓட்டுநரை வரச் சொன்னோம். சுருளையும் அழைத்தேன், நாடாவை ஓட்டும் பழைய இயந்திரம் ஒன்றுதான் மிச்சம், அதன் குணம் அவளுக்குத்தான் தெரியும். அவளே நாடாவை மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

குரல் வந்தது. நிதானமான, தெளிவான குரல். குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், பற்பசையும் எண்ணெயும் தடவாதீர்கள் என்றது. ஓட்டுநர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதி வச்சு படிக்கிறா” என்றார் மெதுவாக. “வீட்டுல ஒரு நாள்கூட இவ்ளோ பொறுமையா பேசினதில்ல.”

நாலாவது நிமிடத்தில் குரல் வெட்டுப்பட்டு, கால்பந்து வர்ணனை ஒன்று புகுந்தது. யாரோ அவசரத்துக்கு அதே நாடாவின் மேல் பதிவு செய்திருக்கிறார்கள். மேலாளர் முகம் வாடியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிறுத்தப் போனார். சுருள் அவர் கையைப் பிடித்தாள்.

“இருங்க. முழுசா ஓடட்டும்.”

அறையில் நாங்கள் நாலு பேரும், என்றோ முடிந்துபோன ஆட்டத்தை உட்கார்ந்து கேட்டோம். ஒருவன் பந்தைக் கடத்தினான், இன்னொருவன் விழுந்தான், கோல் விழவே இல்லை. ஐந்து நிமிடம் போல ஓடி, ஒரு கரகரப்பு. அதன் பிறகு மறுபடியும் அந்த அம்மாள்: “... பயப்படாம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நாங்க இருக்கோம். வணக்கம்.” எழுதி வைத்திருந்த காகிதம் தீர்ந்து, சொந்தப் பேச்சில் வந்துவிட்டார் போலிருந்தது.

“இது அவதான்” என்றார் ஓட்டுநர். கைக்குட்டையை எடுத்தார். அந்தக் கடைசித் துண்டை மட்டும் இன்னும் இரண்டு முறை போடச் சொன்னார்.

பிரதி எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, நானும் சுருளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். இருபத்து மூன்று வருடமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம போனது தப்பு.”

“சொல்லிட்டுப் போயிருந்தாலும் நான்தான் எல்லாத்தையும் தட்டியிருக்கணும்” என்றாள். பிறகு, “ஆனா அந்த வருஷம் ரொம்பக் கோவமா இருந்தேன். யாருகிட்ட காட்டறதுன்னு தெரியாம நாடாவா கேட்டேன்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசாமல் இருந்தது இருவருக்கும் சுகமாகவே இருந்தது.

இன்னும் கேட்காத நாடாக்கள் ஏழாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மேலாளர் அவளை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார். என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இருந்தாலும் வியாழக்கிழமைகளில் நானும் போகிறேன். அவள் கேட்பாள், நான் தட்டுவேன். என்னை இயந்திரத்தைத் தொட விடமாட்டாள். போன வாரம் ஒரு விவசாயி எருமைக் கன்று வளர்ப்பதைப் பற்றி இருபத்தெட்டு நிமிடம் பேசினார். இருவரும் கடைசிவரை கேட்டோம். முடிந்ததும் அவள் திரும்பி, “ஆம் போடு” என்றாள்.