மயிலாளின் ஏசி

பனியனில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் மயிலாளின் வேலை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் உட்கார்ந்து, ஊசி நுழையாத ஓட்டையைக்கூடப் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் மூன்று கோடையாக ஒரே ஒரு ஓட்டையை மட்டும் யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றி வந்தாள். அது பனியனில் இல்லை, அவள் முதுகுக்குப் பின்னால் முதலாளி அறையின் சுவரில் இருந்தது.

எப்போதோ ஒயர் போட்டுப் பிறகு பிடுங்கிய இடம் அது. டீ கிளாஸ் நுழையும் அளவு இருக்கும். அதன் மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள். முதலாளியின் ஏசிக் குளிர் அதன் வழியே கசிந்து அவள் பிடரியில் வந்து விழும். சித்திரை வெயிலில் தகரக் கூரை எல்லோரையும் வறுத்தெடுக்க, மயிலாள் மட்டும் புதுப்பெண் மாதிரி முகம் வாடாமல் இருப்பாள். கேட்டவர்களிடம் எல்லாம் முருகன் அருள் என்று சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பி இரண்டு பேர் பழனிக்குக்கூடப் போய்வந்தார்கள். அவர்களுக்கு வேர்வை ஒரு சொட்டும் குறையவில்லை.

இந்த நிலையில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தக் கட்டடம் எவ்வளவு கரண்ட் தின்கிறது, எங்கே வீணாகிறது என்று அளந்து சொன்னால்தான் அடுத்த ஆர்டராம். அளக்க வந்தவள் கவிப்பிரியா என்கிற இளம் இன்ஜினியர். அவள் கையிலிருந்த கேமராவில் சூடான இடம் சிவப்பாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். கூரையைப் படம் பிடித்தாள், செக்கச்செவேல் என்று இருந்தது. அயர்ன் மேசையும் அப்படியே. இந்தப் பெண் இந்தப் பக்கம் திரும்பினால் தன் பிழைப்பில் மண்தான் என்று மயிலாள் நினைத்தாள்.

கவிப்பிரியா திரும்பினாள். முருகனைச் சுற்றிச் சுவரெல்லாம் நீலம். மயிலாளின் பிடரியும் நீலம்.

கவிப்பிரியா சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எட்டிப் பார்த்த பெண்களுக்கும் அருளின் ரகசியம் புரிந்துவிட்டது. பழனிக்குப் போனவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு மகுடேஸ்வரன் வெளியே வந்தார்.

அவர் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கொளுத்தும் சித்திரையில் தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர். பையர் மெச்ச வேண்டும் என்று, சின்ன அறைக்குக் கல்யாண மண்டபத்து ஏசியை மாட்டி, பதினாறு டிகிரியில் வைத்துவிட்டு, கௌரவத்துக்காக நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். கேமராவைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், கடைசியில் மயிலாளைப் பார்த்தார்.

மயிலாள் எழுந்து நின்றாள். திட்டு விழுந்தால் விழட்டும். நாளையிலிருந்து அந்தக் குளிர் கிடையாது என்பதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. தன் ஸ்டூலைத் தூக்கி நடு வரிசையில் தகரத்துக்கு நேர்கீழே போட்டாள்.

"என் குத்தந்தானுங்க. ஆனா ஒருக்கா இங்க உக்காந்து பாருங்க. அப்பறம் என்ன வேணா சொல்லுங்க."

மகுடேஸ்வரன் உட்கார்ந்தார். மப்ளரைக் கழற்றினார், குல்லாவைக் கழற்றினார். மூன்று வருஷமாக விறைத்துக் கிடந்த காதுகள் மெல்லச் சிவந்தன. கண் தானாக மூடிக்கொண்டது.

"அடடா, என்ன சொகமுங்க. மயிலாக்கா, எனக்கு இங்கியே ஒரு மேசை போடச் சொல்லுங்க."

"அப்ப நாங்க எங்கீங்க போறது?"

"நீங்கெல்லாம் உள்ள போங்க."

கவிப்பிரியா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏசியை இருபத்தாறில் வைத்தால் இதைவிட நல்ல யோசனை கிடையாது என்றாள். தகரத்தின் கீழ் அந்தச் சுகம் அரைமணி நேரம்கூடத் தாங்காது, தையல்காரர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், சூடு குறையக் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னாள். ஏற்கெனவே வேர்க்கத் தொடங்கியிருந்த மகுடேஸ்வரன் அதற்கும் உடனே தலையாட்டினார்.

செக்கிங் மேசைகள் உள்ளே போயின. மயிலாள் முதலாளியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தலை கிறுகிறுக்கும்வரை சுற்றினாள். சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி நின்றபோது எதிரே சுவர் இருந்தது. அவள் முகம் சட்டென்று கடுகடுத்தது. கவிப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, மொதல்ல அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லு. நம்ம குளிரெல்லாம் சும்மா வெளிய போகுது பாரு."