கம்பெங் கட்டிவைத்த ஜாடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பெங்கின் சமையலறையில், மீனை உப்பும் தவிடும் போட்டு ஊறவைக்கும் பாடேக் ஜாடிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருந்தது. வாயில் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ரப்பர் வளையம், அதற்கும் மேல் துணிக்கட்டு. உள்ளே மீன் இல்லை, கஞ்சாப் பூ. பார்த்ததும் எனக்கு எழுதக் கை அரித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பூபான் மலையடியில் அந்த வருஷம் மழை பேயாகப் பெய்' — வேண்டாம். மழையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். அடுத்தது: 'கம்பெங்குக்குப் புருஷன்மேல் கொள்ளைப் பிரியம்' — உண்மைதான். ஆனால் அவள் காதில் விழுந்தால் துடைப்பத்தை எடுப்பாள்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெங்கின் கணவர் பூன்ஹோமுக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரி மருந்து ஏற ஏறச் சோறு இறங்கவில்லை. போன வருஷத்துப் பூவை இரண்டு இழுப்பு இழுத்தால் ஒரு பிடி ஒட்டரிசிச் சோறாவது உள்ளே போகும். அது தீர்ந்துவிட்டது. இந்த வருஷம் மழையில் அழுகியது போக மிஞ்சியது ஒரே செடி. அது மொத்தமும் இப்போது அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

(சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்காதீர்கள். இந்தச் செடியை அது ஒருநாள் தலையில் வைத்து ஆடும், மறுநாள் தரையில் போடும். அது ஒரு முடிவுக்கு வரும்வரை நோயாளி காத்திருக்க மாட்டார்.)

2

உலர்த்தியதில் ஒரு குறையும் இல்லை. கிளைகளை இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். ஆவி படக்கூடாது என்று சோறு வேகவைக்கும் பானையைக்கூட முற்றத்துக்குத் தூக்கிப்போனாள். சிறுகாம்பை வளைத்தால் மடங்காமல் ஒடிய வேண்டும். ஒடிந்தது. அப்போதுதான் உதோன் நகரத்தில் கஞ்சாப் பூ விற்கும் கடையில் வேலை செய்யும் நாத்தனார் நுவான் போன் செய்தாள்.

"அண்ணி, காஞ்சிருச்சுன்னா ஜாடியில போட்டு மூடுங்க. அப்புறம் என்னன்னா..."

"ஜாடி சமாச்சாரத்த எனக்கே சொல்றியா? என் பாடேக்குக்கு எட்டு ஊரு நாக்கத் தொங்கப்போட்டுட்டு நிக்குதுடி."

போனை வைத்துவிட்டு, பூவை ஜாடியில் போட்டு இறுகக் கட்டிவிட்டாள். பாடேக் ஜாடியை மூடினால் பக்குவம் வரும்வரை தொடக்கூடாது. திறந்தால் ஈ புகும், புழு வைக்கும். பாதியில் திறந்து பார்ப்பவளைக் கைராசி கெட்டவள் என்று ஊர் பேசும். பூவின் கதை நேரெதிர். வெளியே காய்ந்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் மெல்லக் கசியும். தினமும் மூடியைத் திறந்து காற்று விடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நுவான் சொல்லவந்த மிச்சம் இதுதான்.

(நுவானை முதலில் நகரத்துத் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று சுட்ட வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.)

3

"தினம் தெறந்து காத்து விட்டீங்கல்ல, அண்ணி?"

பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்த கம்பெங்கின் கை நின்றது. "தெறக்கணுமா?"

"அண்ணி..."

"தெறந்தாத்தானே கெட்டுப்போகும்?"

நுவான் குரலைத் தாழ்த்தினாள். "பூஞ்ச இருந்தா அண்ணனுக்குக் குடுக்கவே கூடாது. இப்ப இருக்கற ஒடம்புக்கு அது நெஞ்சுல எறங்கிச்சுன்னா தாங்காது."

"வேற செடி இல்லடி."

"தெரியும்."

உள்ளே பாயிலிருந்து பூன்ஹோம் கூப்பிட்டார். "ஏ புள்ள, நுவான் வந்துட்டாளா? அப்ப இன்னிக்கு ஜாடியத் தெறந்துருவீங்க. கோழியையும் அடிச்சுக் கொழம்பு வையி. நான் சாப்பிடுறேன்."

'நான் சாப்பிடுறேன்' என்று அவர் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

4

முடிவு ஒன்று: மூடி திறந்ததும் காட்டு எலுமிச்சை வாசம் குப்பென்று — இப்படி எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். நான் தூங்க மாட்டேன்.

முடிவு இரண்டு: பூக்களின்மேல் வெள்ளை நூலாம்படை. கம்பெங் அதை — இல்லை, இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடிவை இறுக்கிக் கட்டிவைத்தால்தான் கதைக்குப் பக்குவம் வரும் என்று நம்புகிறவன் நான். அதாவது, நானும் பாடேக் கட்சி. நான் வாக்கியத்தை இழைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த ஜாடி உள்ளுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. பயமாக இருக்கிறது. திறந்துவிடுகிறேன்.

கம்பெங் துணியை அவிழ்த்தாள். ரப்பரை உருவினாள். பிளாஸ்டிக்கை உரித்தாள். எட்டிப் பார்த்த நுவானை முழங்கையால் தள்ளிவிட்டு, ஜாடிக்குள் முகத்தைப் புதைத்து நெடுநேரம் மூச்சிழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவளை எழுதியது நான்.

"கோழியப் புடிச்சாச்சா?" என்றார் பூன்ஹோம், உள்ளிருந்து.

கம்பெங் ஜாடியோடு எழுந்தாள். நுவானைத் தாண்டி, என்னையும் தாண்டி, உங்களிடம் வந்து ஜாடியை நீட்டினாள்.

"எனக்கு மூக்கு வேல செய்யல. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, அவருக்குக் காது மட்டும் இன்னும் நல்லாக் கேக்குது."