ராஜ்கோட்டில் கற்ற பலகாரம்

இலங்கை மலைநாட்டு ஹட்டன் குளிருக்குக் குஜராத்தி டோக்ளா மாவு லேசில் புளிக்காது. அரிசியையும் கடலைப்பருப்பையும் அரைத்து மோர் விட்டுக் கலக்கி வைத்தால் மறுநாளும் அப்படியே செத்துக் கிடக்கும். நாகலெட்சுமி பானையை, முன்பு தேயிலைக் கொழுந்தெடுக்கையில் போர்த்திய பழைய கம்பளியில் சுற்றி அடுப்புத் திட்டில் இரண்டு நாள் வைப்பாள். மூன்றாம் நாள் காலையில் மாவு பொங்கியிருக்கும்.

அன்றைக்கும் பொங்கியிருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை மனுக்களை விசாரிக்க அதிகாரி ஐயா வருகிற நாள். 1953ஆம் வருஷம், மழைக்காலம். ஹட்டனில் கடை வைத்திருந்த குஜராத்தி ஜம்னாபென் சேட்டம்மா விண்ணப்பித்திருந்தார். அவர் வீட்டுச் சமையல்காரி நாகலெட்சுமியும் விண்ணப்பித்திருந்தாள். இரண்டு படிவத்தையும் பூர்த்தி செய்தது சேட்டம்மாதான். நாகலெட்சுமிக்குக் கைநாட்டு.

படிவத்தில் ஒரு பொய் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தீவை விட்டுப் போயிருந்தால் மனு தள்ளுபடி. அப்படிப் போனதில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தது. 1946இல் சேட்டம்மா மகளின் பிரசவத்துக்கு இந்தியாவில் தன் ஊரான ராஜ்கோட் போனபோது நாகலெட்சுமியையும் கூட்டிப் போனார். மூன்று மாதம் என்று போனது பதினாலு மாதம் இழுத்தது. அப்போது பாஸ்போர்ட் கிடையாது. யாரிடமும் காகிதமில்லை.

"கேட்டா மூணு மாசம்னு சொல்லு நாகு. நானும் அதையேதான் சொல்லுவேன். நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்று சேட்டம்மா போன வாரம்தான் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்.

நாகலெட்சுமி விதவை. ஒரே மகள் மீனம்மா வட்டகொடைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இந்தியாவில் நாகலெட்சுமிக்கு ஒரு நாதியும் இல்லை. மனு தள்ளுபடியானால் எந்த நேரத்திலும் கப்பலேற்றுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தாள்.

தட்டில் எண்ணெய் தடவி மாவை ஊற்றினாள். மூடியில் துணியைக் கட்டினாள். கட்டாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேலெல்லாம் குழிவிழும். வெந்ததும் துண்டு போட்டுக் கடுகும் எள்ளும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டினாள். அடுத்த தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு முன்னறைக்கு எடுத்துப் போனாள்.

விசாரணை ஐயா சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசினார். நாலு துண்டு தின்றார்.

"பஞ்சு மாதிரி இருக்கே! இட்லிக்கு அண்ணனா?"

"டோக்ளா" என்றார் சேட்டம்மா. "எங்க ஊர்ப் பலகாரம். செஞ்சது நாகு."

"நம்ம வீட்டுல அப்பத்துக்கு மாவு கலக்குனா இந்தக் குளிருக்குப் புளிக்கவே மாட்டேங்குது. நீங்க என்ன மந்திரம் போடுறீங்க?"

பதினைந்து வருஷச் சமையலில் நாகலெட்சுமியிடம் ஒரு துரையோ ஐயாவோ சமையல் பக்குவம் கேட்டதில்லை. வாய் திறந்துகொண்டது.

"இங்க ரெண்டு நாளு புடிக்குமுங்க. அங்கன்னா ஒரே ராத்திரிதான். அதுவும் சித்திரை வெயில்ல பொழுது சாயறதுக்குள்ள பொங்கிரும். பனிக்காலத்துல மட்டும் வைக்கோல்ல பொதைச்சு வைப்பாங்க."

ஐயா துண்டைத் தட்டில் வைத்தார். "அங்கன்னா எங்க?"

"ராஜ்கோட்டுலங்க" என்று நாகலெட்சுமி வாயில் வந்துவிட்டது.

"வெயில் காலமும் பாத்திருக்கீங்க, பனிக்காலமும் பாத்திருக்கீங்க. எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"மூணு மாசமுங்க" என்று சேட்டம்மாவைப் பார்த்தாள். அவர் இப்போது அதையே சொல்ல வேண்டும்.

ஜம்னாபென் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "பாவம், அவளுக்குக் கணக்குத் தெரியாதுங்க. பதினாலு மாசம் இருந்தா. என் மக பிரசவத்துக்கு நான்தான் அனுப்பி வெச்சேன்."

"நீங்க போகலையா?"

"நானா? கடையை யார் பாக்கறது? நான் ஹட்டனை விட்டு அசையல."

நாகலெட்சுமி ஐயாவிடம் திரும்பினாள். "பொய்யிங்க! அவங்களும்தான் வந்தாங்க. தலைமன்னார்ல கப்பலேறுனதுலேருந்து வாந்தி. நான்தான் தலையைத் தாங்கிப் புடிச்சேன்."

ஐயா சேட்டம்மாவைப் பார்த்தார். சேட்டம்மா சிரித்தார். "பயத்துல என்னென்னமோ சொல்றா. நல்ல பொம்பளைங்க, பதினஞ்சு வருஷமா எங்க வீட்டுல இருக்கா. திட்டாதீங்க."

"காகிதம் ஏதும் இருக்கா உங்ககிட்ட?" என்று ஐயா நாகலெட்சுமியிடம் கேட்டார். இல்லை. அவர் குனிந்து எழுதினார். நிறைய எழுதினார்.

அவர் போனதும் சேட்டம்மா அடுப்படிக்கு வந்தார்.

"நீதானே வாயை விட்டே? நான் உளறினேனா?"

"மூணு மாசம்னு சொல்லியிருக்கலாமே அம்மா."

"அந்த ஆள் நம்புவாரா? ரெண்டு பேரும் மாட்டியிருப்போம். எனக்குக் கடை இருக்கு, வீடு இருக்கு."

"எனக்கு மக இருக்கா."

சேட்டம்மா இதமாகச் சொன்னார்: "பயப்படாதே நாகு. அப்படியே அனுப்பிட்டாலும் ராஜ்கோட்டுல எங்கம்மா வீட்டுல இருந்துக்கோ. உன் கைப்பக்குவம் அவங்களுக்குப் புடிக்கும். நான் கடுதாசி போடுறேன்."

நாகலெட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மாள் திடீரென்று மாறவில்லை. அவளை எங்கே வைப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். கையைப் பிடித்துச் சொன்ன அந்த வாரத்திலேயே யோசித்திருக்கலாம்.

கம்பளியை எடுத்து உதறிப் போர்த்திக்கொண்டாள். மாற்றுச் சேலையை மூட்டை கட்டினாள்.

"எங்க போறே?"

"வட்டகொடைக்கு."

"அடுப்புல இருக்கே! இதை எப்ப எறக்கணும்?"

நாகலெட்சுமி வாசற்படியில் நின்றாள். சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. அத்தனை வருஷப் பழக்கம். அதை அடக்கிக்கொண்டு மழையில் இறங்கி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.