குளிர்த்தி முடியட்டும்

கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கராக இருப்பதென்றால் ஊர் முழுக்க ஏச்சு வாங்குவதென்று அர்த்தம். தோரணம் குறைந்தாலும் ஏச்சு, கூடினாலும் ஏச்சு. கனகசிங்கம் பன்னிரண்டு வருடமாக அதைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன். ஆனால் சண்டையால் இரண்டு வருடம் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடக்கவில்லை. மழை பொய்த்தது, பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்டது. ஊர் எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்டியது. எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் ஆமிக் காம்பில் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பின்னேரம் மூன்று மணிக்குள் முடிப்பதாகச் சொல்லி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்கு அனுமதி வாங்கி வந்தான். அந்த வருடக் குளிர்த்தி அவனுடைய தாய்வழிக் குடியின் முறை.

காலையில் பந்தலில் வாழை கட்டிக்கொண்டு நின்றபோது, காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவந்து விற்கும் அப்துல் கபூர் வந்து அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

“வண்ணக்கர், உங்கட மருமகன் இராசதுரை துறைக்கு அங்கால சந்தியில கிடக்கான். சுட்டுப் போட்டிருக்காங்க. நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தன். சுணங்காமப் போய் எடுங்க.”

இராசதுரை அவன் தங்கை சீதேவிப்பிள்ளையின் ஒரே மகன். பத்து நாளுக்கு முன் சுற்றிவளைப்பில் பிடித்துப் போயிருந்தார்கள். கனகசிங்கம் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. ஆனால் அழவில்லை.

அழுதால் எல்லாம் முடிந்தது. சாவுச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து குடி முழுவதற்கும் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு ஒருவரும் கோயில் வாசலை மிதிக்க முடியாது. பொங்கல் பானையை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னொரு முறை அனுமதி யார் தரப்போகிறார்கள்? செத்தவன் மூன்று மணி வரைக்கும் எங்கே போய்விடப் போகிறான் என்று நினைத்தான். பாவி, அப்படித்தான் நினைத்தான். அவன் இடத்தில் நின்றிருந்தால் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், இப்போது ஆளாளுக்கு வேறு கதை சொன்னாலும்.

“கபூர் காக்கா, குளிர்த்தி முடியட்டும். அது வரைக்கும் ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க. உங்களக் கும்புடுறன்.”

கபூர் ஒரு புடவையும் விற்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

குடியின் மடைப்பெட்டியை அன்று சுமந்து வந்தவள் சீதேவிப்பிள்ளை. பழமும் பாக்கும் வெற்றிலையும் நிறைந்த பெட்டியை வெள்ளைத் துணியால் மூடித் தலையில் வைத்திருந்தாள். பத்து நாளும் ஒரு நேரச் சோறு. வாசலில் அண்ணன் பெட்டியை இறக்கும்போது மெல்லக் கேட்டாள்.

“அண்ணன், அம்மாள் என்ட புள்ளையத் தந்திருவாதானே?”

“தருவா தங்கச்சி.”

அவனுக்கு நாக்கு அறுந்து விழுந்திருக்கலாம். விழவில்லை. குளிர்த்திப் பாடல் பாடினார்கள், பெண்கள் குரவை போட்டார்கள், வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார்கள். ஊர் குளிர்ந்தது. இவன் வெயில் சாய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இரண்டரைக்குச் சடங்கு முடிந்ததும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினான். சந்தியில் உடல் இல்லை. தார் றோட்டில் கருகிய இடமும், டயர்க் கம்பிகளும், சாம்பலும்தான் கிடந்தன. பக்கத்துக் கடைக்காரர் பலகைக் கதவின் இடுக்கால் பேசினார்.

“மூண்டு பேர் கிடந்தாங்க. ரெண்டு பேரத் தாய்மார் வந்து கேட்டுக் கொண்டு போயிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் ஆரும் வரல்ல. மத்தியானம் எரிச்சுப் போட்டாங்க.”

கனகசிங்கம் சால்வையை விரித்துச் சாம்பலை அள்ளினான். பாதி விரலிடுக்கால் சிந்தியது.

சீதேவிப்பிள்ளை முற்றத்தில் விழுந்து விழுந்து அழுதாள். அவளோடு ஊரே அழுதது. குரல் கம்மிப்போன பிறகுதான் கேட்டாள்.

“உனக்கு எப்ப தெரியும், அண்ணன்?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. “காலையில. கபூர் காக்கா வந்து சொன்னவர்.”

அவள் கையிலிருந்த, சாம்பல் முடிந்த சால்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவன் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றான்.

“புள்ளைர கண் மூடிக் கிடந்ததா? கபூர் காக்கா சொன்னவரா?”

காலையில் அவன் அதைக் கேட்கவேயில்லை.

“ஓம் தங்கச்சி, மூடித்தான் கிடந்ததாம். நித்திர கொள்ளுற மாதிரி.”

சீதேவிப்பிள்ளை தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

“கபூர் காக்காவக் கூட்டிட்டு வா,” என்றாள். “அவரு சொல்லட்டும். நீ சொல்லாத.”