இடது இமை

பாக்கியராஜின் வலது கண்ணை மூட கிருபாராணி மறுபடியும் விரலை வைத்தாள். இமை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கண் மட்டும் முழுக்க மூடியிருந்தது. அந்த இமைக்குள் இருந்தது இன்னொருவருடைய தோல்.

ஐந்து வருடத்துக்கு முன் போச்சம்பள்ளி கம்பெனியில் உருக்கிய அலுமினியம் தெறித்து, அவருடைய இடது கீழிமை வெந்து சுருங்கிப்போனது. இரண்டு வருடம் அந்தக் கண் திறந்தபடியேதான் தூங்கினார். பிறகு பெங்களூரில், இறந்துபோன யாரோ தானமாகக் கொடுத்த தோலைப் பதப்படுத்தி, இமைக்குள் தாங்கலாக வைத்துத் தைத்தார்கள். கண் மூடியது. அன்றிலிருந்து கிருபாராணியைப் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இரண்டு பேர் படுத்திருப்பதுபோல் இருக்கும். மூன்று வருடமாக முதுகைக் காட்டியே படுத்தாள். அவர் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்பியவர் மத்திகிரி வீட்டு வாசலிலேயே சரிந்தார். மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

அப்பா தோல் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று மகள் பெனிஷா வந்து சொன்னாள். பாக்கியராஜின் அண்ணன் தேவசகாயம் ஒரேயடியாக மறுத்தார். கர்த்தர் கொடுத்த உடம்பு முழுசாக மண்ணுக்குப் போகவேண்டும் என்றார்.

கிருபாராணி மகளைப் பார்த்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ பயந்துக்குவன்னு சொன்னாரும்மா. ஏற்கெனவே உங்கம்மா பயந்துதான் படுக்கறான்னாரு."

கிருபாராணி தலையைக் குனிந்துகொண்டாள். போர்த்தியிருந்த துணியின் சுருக்கத்தை நீவி, நீவி, மறுபடியும் நீவினாள். பிறகு தேவசகாயத்திடம் சொன்னாள்:

"வரச் சொல்லுங்க மாமா. ஒருத்தரு குடுக்கப்போயிதான் இவரு மூணு வருசம் கண்ண மூடித் தூங்குனாரு."

பெங்களூர் தோல் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரமானது. தொடையிலும் முதுகிலும் தோலை மெல்லிய படலமாக எடுத்துக் கட்டுப்போட்டு, சட்டை பேண்ட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். வெளியே வந்த பெண்ணிடம் கிருபாராணி, இது யாருக்குப் போகும் என்று கன்னடத்தில் கேட்டாள். எங்களுக்கே தெரியாது என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

ஐஸ் பெட்டியோடு அவர்களுடைய வண்டி தெருமுனைக்குப் போனபோது, எதிரே வந்த கம்பெனி பஸ் ஒதுங்கி நின்றது. ஷிப்ட் முடிந்து திரும்பியவர்களில் ஒருவன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் நகரும்வரை கிருபாராணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.