தாவாங்கட்டை அளவு

டில்லிபாபு மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் நிலையில் முதுகை ஒட்டி நின்றான். ஆறு நாற்பது வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. பென்சில் தேட நேரமில்லை. மனைவி புஷ்பலதா கையிலிருந்த கண்மைப் பென்சிலாலேயே அவன் தாவாங்கட்டைக்கு நேராக நிலையில் ஒரு கோடு போட்டாள்.

“தலையைத் தூக்காத பாவா. உசரமா காட்டிக்காத.”

“நீதான் நுனிக்கால்ல நிக்கிற.”

படகுத் துடுப்பைத் தரையில் நிறுத்தினால் அதன் பிடி தாவாங்கட்டைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும் என்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் சொல்லியிருந்தார். மூக்கு வரைக்கும் போனால் எடையும் கூடும், விலையும் கூடும் என்று டில்லிபாபு தாவாங்கட்டையோடு நிறுத்திக்கொண்டான். எனக்கும் அளந்து வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். மொதல்ல ஒண்ணு வாங்கிப் பார்ப்போம், நல்லா இருந்தா உனுக்கும் ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பையை சைக்கிளில் மாட்டினான். மூக்குக் கண்ணாடியை டிவி மேலேயே வைத்துவிட்டுப் போனான். அதை அவள் பிறகுதான் பார்த்தாள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனில் ஒரு செய்தி வந்தது. ‘ஆர்டர் போட்டுட்டேன். லைட் வெய்ட்.’

மணவூரில் அவன் வேலை செய்த தொழிற்சாலைக்கு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். அன்று வண்டியை விட்டு இறங்கியவன், பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. கூட இறங்கியவர்கள் ஷூவுக்குக் கயிறு கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார்கள். அவன் போட்டிருந்தது செருப்பு. நாற்பத்தாறு வயது. நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தப் படகு வந்தது அதற்கு மூன்று வாரம் முன்னால். கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு விடுதியை மூடிவிட்டார்கள் என்றும், அங்கே இருந்த பழைய ஃபைபர் படகுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டு, சத்தார் பாயின் டாட்டா ஏஸில் போய் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சத்தார், அரக்கோணம் சாலையில் வெல்டிங் கடை வைத்திருப்பவர். இருபது வருட சிநேகிதம். படகின் அடியிலிருந்த விரிசலை அவர்தான் ரெசின் ஊற்றி அடைத்தார். நீளமாய், ஒடுக்கமாய், இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற படகு. இதற்குப் பெயர் கேனோ என்று டில்லிபாபு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். சரியாத்தான் பேர் வெச்சிருக்கானுங்க, கேனை வாங்குற படகுன்னு என்றான் புஷ்பலதாவின் தம்பி பூபாலன்.

படகைக் கொண்டுபோய் வைத்தது ஆர்.கே.பேட்டை சாலையில் அவள் பிறந்த ஊரில், ஏரிக்கரையோரம் இருந்த அவர்கள் நிலத்து மோட்டார் ஷெட்டில். அந்த வருடம் நல்ல மழை. ஏரி கலங்கல் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. மீன் பிடிக்கவா என்றால் இல்லை. வாடகைக்கு விடவா என்றால் அதுவும் இல்லை. நடு ஏரியில் போய் நின்றால் திருத்தணி மலை தெரியும், கோயிலோடு தெரியும், அதை உனக்குக் காட்டணும் என்றான். யார் சொன்னது என்று கேட்டாள். இதெல்லாம் யாராவது சொல்லணுமா என்றான்.

படகோடு துடுப்பு வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் மாமியார் வீட்டு அடுப்படியிலிருந்து களி கிண்டும் துடுப்பை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினான். இரண்டும் ஒரே பேர்தானே என்று நியாயம் பேசினான். படகு கரையிலிருந்து இருபது அடியில் நின்று தன்னைத்தானே சுற்றியது. கரையில் நின்றவர்கள், பாவா, அடி பிடிக்கப்போகுது, நல்லா கிண்டு என்று கத்தினார்கள். பூபாலன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தான். அந்த வாரம் முழுக்க டில்லிபாபுவுக்குத் தோள் வலி. அதனால்தான் லேசான துடுப்பு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான். லேசாக இருக்க வேண்டும், உடையக்கூடாது, விலை கையைக் கடிக்கக்கூடாது. இந்த மூன்றையும் சாப்பிடும்போதும் தூங்கப்போகும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் இறந்த ஆறாம் நாள் பார்சல் வந்தது.

வீடு நிறைய உறவுக்காரர்கள். வாசலில் பந்தலைப் பார்த்ததும் டெலிவரி கொண்டுவந்தவர் திரும்பிப் போகப் பார்த்தார். பெயரைக் கேட்டு, வாங்கி, பிரித்தது டில்லிபாபுவின் அம்மா சுலோச்சனா. உள்ளே இருந்தது ஒரு முழ நீளத்துக்கு ஒரு களி துடுப்பு. வேப்பமரம். கூடவே ஒரு சீட்டு: எடை குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

சாவு வீட்டில் களி துடுப்பை யார் வாங்கச் சொன்னது என்று ஒருத்தி கேட்டாள். புஷ்பலதாவுக்கு மட்டும் எல்லாம் கண் முன்னால் வந்தது. ஓடுகிற வண்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, துடுப்பு, லைட் வெய்ட், ஸ்ட்ராங்கா என்று அவன் சொல்கிறான். போன் எதையோ காட்டுகிறது. படம் மங்கலாகத் தெரிகிறது. விலை மட்டும் நன்றாகத் தெரிகிறது. அவன் சந்தோஷமாக அமுக்குகிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெண்கள் இரண்டு பேர் அழுகை என்று நினைத்து அவளைப் பிடித்துக்கொண்டு, விடுங்க, அடக்கி வெச்சிருந்தது வெளிய வருது என்றார்கள். சுலோச்சனா அத்தை அந்தத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் அதில்தான் களி கிண்டினாள். தட்டில் வைக்கும்போது, நல்ல துடுப்புதான் என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்ததும் பூபாலன் வந்தான். ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவர் படகைக் கேட்கிறார் என்றான். ஷெட்டுல சும்மாதான கெடக்குது அக்கா, பாத்துப் பாத்து அழுவறதுக்கா என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு உடனே தலையாட்ட வரவில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் பொறு, அதற்குள் ஒரு தடவை நான் நடு ஏரிக்குப் போய் வந்துவிடுகிறேன், பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்றாள். அந்த ஏரி பங்குனியில் மாடு மேயும் ஏரி. அவளுக்கு இருந்தது இரண்டு மாதம்.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவாள். கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் துடுப்பு தேடினாள். மரத் துடுப்பு பார்க்க அழகு, ஆனால் கனம். வருடா வருடம் வார்னிஷ் வேறு கேட்கும். கார்பன் என்று ஒன்று, கையில் இருப்பதே தெரியாதாம். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடினாள். அலுமினியக் குழாயின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற பிளாஸ்டிக் இலை வைத்தது லேசு. ஆனால் இரண்டு துண்டாக வருவதில் இணைப்பு ஆடுகிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். ஒரே துண்டாக வருவதை இந்த ஊருக்கு அனுப்ப மாட்டோம் என்றது கடை. வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் அவள் மனு படிக்கிற மாதிரி வரிவரியாகப் படித்தாள். குழாயின் வாயை அடைத்துவிட்டால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். இலை அகலமானால் தோள் வலிக்கும். வெயிலில் அலுமினியம் சுடும், பிடிக்கிற இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றினால் போதும். டில்லிபாபுவிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் இப்படி தினமும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்தன.

கடைசியில் சத்தார் பாயிடம் போனாள். ஒரு அலுமினியக் குழாய், இலைக்கு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து ஒரு வெட்டு. டிரம் லாரி ஏறினாலும் உடையாது தங்கச்சி என்றார் அவர். பிடிக்கு, மேலே குறுக்காக ஒரு கட்டை. கடையில் கிடக்கிற சாமான்தான் எல்லாம்.

“நீளம் எவ்ளோம்மா?”

அவள் பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தாள். வாசல் நிலையில் தரையிலிருந்து மைக்கோடு வரைக்கும் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த நூல். சத்தார் அதை டேப்பில் வைத்துப் பார்த்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிரம் மேல் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

துடுப்பு லேசாக இருந்தது. ஒரு கையால் தூக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூபாலன் படகைத் தள்ளிவிட, அவள் முன்னால் உட்கார்ந்து துடுப்பைப் போட்டாள். மேல் கை தலைக்கு மேலே போனது. இலை தண்ணீருக்குள் ஆழமாய்ப் போய், இழுத்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தூக்கினால் முழங்கை வரைக்கும் தண்ணீர் வழிந்தது. அரை மணி நேரத்தில் கரையோரத்து நாணலைத்தான் இரண்டு தரம் சுற்றி வந்தாள். இன்னா அக்கா, பாவா மாதிரியே ஓட்டற என்றான் பூபாலன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு தரம் சொல்லமாட்டானா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் நிலையில் தானே முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். தன் தாவாங்கட்டைக்குத் தானே கோடு போடுவது சுலபமில்லை. ஒரு டிபன் பாக்ஸ் மூடியைத் தாடைக்கு அடியில் மட்டமாய்ப் பிடித்து, அப்படியே விலகி, மூடி நின்ற இடத்தில் கண்மைப் பென்சிலால் கோடு கிழித்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் விரல் வைத்தாள். நாலு விரல் சரியாக அடங்கியது.

ஒரு வாரம் அந்தத் துடுப்பு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வெட்டினால் அது அவன் துடுப்பு இல்லை. வெட்டாவிட்டால் நடு ஏரி இல்லை. அந்த வாரமே பூபாலன் போன் செய்து, கலங்கல் பக்கம் சேறு தெரிகிறது என்றான்.

அவள் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அரக்கோணம் சாலையில் நடந்தே போனாள். மலைக்குப் போகிற காவடி என்று நினைத்தோ என்னவோ, ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, மலைக்கா அக்கா என்று கேட்டார்.

“பாய், இது எனக்கு நீளம்.”

“ஆங்.”

“தெரிஞ்சுகினேதான் செஞ்சீங்களா?”

சத்தார் முகத்திலிருந்த வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நீ நூலைக் குடுத்த. நூலுக்குச் செஞ்சேன். இருவது வருஷம் அவன் தோள்ல கை போட்டுகினு நடந்தவன்மா நான். அவன் அளவு எனக்குத் தெரியாதா?” துடுப்பை வாங்கி, குறுக்குக் கட்டையைத் திருப்பிக் காட்டினார். “பாரு, ரிவெட் அடிக்கல. கழட்டற மாதிரி போல்ட்டுதான் போட்டேன். நீ வருவன்னு வெச்சேன்.”

எங்கே வெட்டணும் என்று நீயே காட்டு என்றார். அவள் துடுப்பை எதிரே நிறுத்தி, தாடைக்கு நேராகக் கட்டை விரலை வைத்தாள். அவர் விரலுக்கு மேலே சாக்பீஸ் கோடு போட்டு, கீழேயும் ஒரு தடவை பார்த்து, செருப்பைக் கழட்டும்மா என்றார். கழற்றினாள். கோடு கொஞ்சம் இறங்கியது. ரம்பம் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டுப்பட்ட துண்டு உருண்டு ஓடி கம்ப்ரஸருக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். அவர் கம்பி விட்டு இழுத்து, அரம் போட்டு இரண்டு வாயையும் மழமழவென்று ஆக்கி, துணியில் துடைத்து அவள் கையில் வைத்தார். குழாய்க்குள் தெர்மாகோல் அடைத்து, கட்டையை மாட்டி, இந்தத் தடவை ரிவெட் அடித்தார்.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை நடு ஏரிக்குப் போனாள். பூபாலன் பின்னால் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். துடுப்பு சொன்ன பேச்சைக் கேட்டது. பின் இருக்கை காலியாக இருந்ததால் படகின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு காற்றுக்குத் திரும்பியது. அதை அவள் பொறுமையாகத் திருப்பித் திருப்பி நேராக்கினாள். நடுவில் வந்ததும் துடுப்பை மடியில் வைத்து, திருத்தணி இருக்கிற திசையைப் பார்த்தாள்.

மலை தெரியவில்லை. பனைமரங்களும், அதற்குப் பின்னால் ஒரு செங்கல் சூளைப் புகைபோக்கியும், ஒரு செல்போன் டவரும் தெரிந்தன. எழுந்து நிற்கப் பார்த்தாள், படகு ஆடியது, உட்கார்ந்துவிட்டாள். அவன் எப்போது நடு ஏரிக்கு வந்தான்? இருபது அடிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. அத்தனை நிச்சயமாகச் சொன்னானே. நீ சொன்னது பொய் பாவா என்று சொல்லி, இல்லவே இல்லை, நீ பார்க்கிற பக்கம் தப்பு என்று அவன் சாதிப்பதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்ததென்று சொல்லி முடியாது. வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். எல்லாப் பக்கமும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு வந்தாள்.

படகைக் குத்தகைக்காரருக்குக் கொடுக்கலாமா என்று பூபாலன் கேட்டான். அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவாமலே நிலை ஓரம் நின்று, பையிலிருந்து அந்த அலுமினியத் துண்டை எடுத்தாள். தன் கோட்டின் மேல் அதை நிறுத்தினாள். அதன் மேல் விளிம்பு அவன் கோட்டில் போய் முட்டியது.

நாலு விரற்கடை. அவளைவிட அவன் அவ்வளவு உயரம்.