மூன்று பேர் வேண்டாமென்றால்

ஆபீஸ் கூடத்து ஸ்பீக்கரில் பாட்டு ஓட ஏற்பாடு செய்ததே அவள்தான், அதுவும் வீட்டில் உட்கார்ந்தபடியே. யார் வேண்டுமானாலும் செல்போனிலிருந்து பாட்டுப் போடலாம். மூன்று பேர் 'வேண்டாம்' அமுக்கினால் நின்றுவிடும். போட்டவரே நினைத்தாலும் தனியாளாக நிறுத்த முடியாது. அந்தச் சட்டமும் அவள் மண்டையில் உதித்ததுதான். சொந்தச் செலவில் சூனியம்!

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு வேலை என்று ஆனதிலிருந்து, அந்தக் கூடத்தில் அவளுடையதென்று இருந்தது தினம் ஒரு பாட்டுதான். மூன்று மாதமாக ஒன்றுகூடப் பல்லவியைத் தாண்டியதில்லை. பாவிகள், ஒரு சரணம் வரைக்கும் பொறுக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் போட்ட பாட்டு தாண்டியது. திரையில் ஒரு 'வேண்டாம்'கூட விழாமல் கடைசிவரை ஓடியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தூங்குகிற அப்பாவை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட இருந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் ஓடியது.

மூன்றாவது பாட்டில் ஆபீஸ் வாட்ச்மேன் போன் செய்தார்.

"இந்தப் பாட்டை எப்படிம்மா நிறுத்தறது?"

"ஏண்ணே, யாருக்காவது பிடிக்கலையா?"

"சொல்றதுக்கு ஆள் வேணாமா? காலையிலேயே எல்லாரும் பஸ் வச்சு டூர் போயிட்டாங்களே! உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்கண்ணே. நான்தான் மறந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு, முதன்முறையாக அவளே 'வேண்டாம்' அமுக்கினாள்.

இன்னும் இரண்டு பேர் தேவை என்றது திரை.